கிணற்றிலிருந்து தென்னைக்குப் போகும் வழியில்: தீவகச் சிறுவர்களுக்கு ஒரு நீர் விளையாட்டு

தீவகத்தில் பிறந்து வளர்ந்த மூத்தவர்கள் தமது சிறுபராயத்தைப் பற்றிப் பேசும்போது கடலைச் சொல்வதற்கு முன்னர் கிணற்றடியைச் சொல்வதை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். பெரியவர் ஒருவர் துலாவால் நீரள்ளி ஊற்ற, அது குளிக்கும் கல்லிலிருந்து வழிந்து, மண்ணில் வெட்டிய சிறு வாய்க்கால் வழியே வாழையடிக்கும் கமுகடிக்கும் ஓடும். அந்த வாய்க்காலே பிள்ளைகளின் விளையாட்டரங்கு. ஓலைத் துண்டைத் தோணியாக்கி விடுவதும், மண்ணால் அணை கட்டி நீரை மறிப்பதும், அணை உடைந்ததும் கூச்சலிட்டு ஓடுவதும் அங்கேதான் நடந்தன. அதற்கென எவரும் ஒரு சதம் செலவிட்டதில்லை. ஒரு வாளி நீரைக்கூட மேலதிகமாக அள்ளியதுமில்லை.

இன்று பெரும்பாலான வீடுகளில் அந்தக் கிணற்றடி இல்லை. கிணற்றில் மோட்டார் பூட்டப்பட்டு, நீர் கூரையளவு உயரத்திலுள்ள தாங்கிக்கு ஏறிச் சுவர்களுக்குள்ளிருக்கும் குளியலறைக்கு வந்துவிடுகின்றது. குளித்த நீர் மூடிய குழாய் வழியே மூடிய குழிக்குள் மறைந்து போகின்றது. நீர் எங்கிருந்து வருகின்றது, எங்கே போகின்றது என்பதைக் காணாமலேயே ஒரு தலைமுறை வளர்கின்றது. நாற்புறமும் கடல் சூழ்ந்த நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலும் பாடசாலை விடுமுறை நாளொன்றின் பிற்பகலில் பிள்ளைகள் கைத்தொலைபேசியுடன் திண்ணையில் குந்தியிருக்கும் காட்சியை எவரும் காணலாம்.

வீட்டு முற்றத்திலேயே பிள்ளைகளுக்கென ஒரு நீர் விளையாட்டை அமைப்பது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆனால், அதற்கு முன்னர் ஒரு கேள்விக்கு நாம் விடை சொல்லியாக வேண்டும். குடிநீருக்காகப் பவுசர் வரும் நாளைப் பார்த்துக் கான்களை வரிசையில் அடுக்கி வைத்திருக்கும் ஊர்களில், நீரை வைத்து விளையாடச் சொல்வது நியாயந்தானா?

கோடை விடுமுறைக்குக் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் உறவினர் சிலர் காற்றூதிப் பெருப்பிக்கும் பிளாஸ்டிக் நீச்சற் குளங்களைப் பிள்ளைகளுக்காகக் கொண்டு வருவதுண்டு. அன்பினாற் செய்யப்படும் செயல்தான், குறை சொல்வதற்கில்லை. ஆயினும் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். 8 அடி விட்டமுள்ள அத்தகைய குளம் ஒன்றில் அரை மீற்றர் உயரத்துக்கு நீர் நிரப்ப ஏறத்தாழ 2,250 லீற்றர் வேண்டும். 20 லீற்றர் கான்களில் அளந்தால் அது 110 கான்களுக்கும் மேல். மாலையில் வாடிப்போன தக்காளிச் செடியையும் மறுபுறம் நிரம்பி வழியும் குளத்தையும் ஒரே வளவில் பார்க்கும் அயலவரின் மனத்தில் என்ன தோன்றும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. இந்தக் கேள்வியைப் பொறுத்தவரை அந்த நீச்சற் குளத்துக்கு எமது விடை ‘நியாயமில்லை’ என்பதே.

எனினும், விளையாட்டே ஆடம்பரம் என்று தள்ளிவிடுவதையும் நாம் ஏற்கவில்லை. இலங்கை 1991ஆம் ஆண்டு ஏற்று உறுதிப்படுத்திய ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சாசனத்தின் 31ஆவது உறுப்புரை, ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமையாகவே கூறுகின்றது. வரட்சியான தீவிற் பிறந்த பிள்ளைக்கு அந்த உரிமை குறைவு என்று அதில் எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே, தீவகத்தின் நீர் எத்தகையது என்பதை விளங்கிக்கொண்டு, அதற்குப் பொருந்திய விளையாட்டை அமைப்பதே எம்முன் உள்ள வழி.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ தீவுகளிலோ ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரையான வடகீழ்ப் பருவ மழையே ஆண்டு முழுவதற்குமான பெருமளவு நீரைத் தருகின்றது. அந்த மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாகவும் மணலூடாகவும் கீழிறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. தீவுகளில் அது தங்கும் விதம் விசித்திரமானது. நிலத்தின் கீழே எல்லாத் திசைகளிலிருந்தும் கடல் நீர் ஊடுருவியிருக்கின்றது. நன்னீர் உப்பு நீரிலும் இலேசானது என்பதால், அதன் மேல் ஒரு வில்லை போல மிதக்கின்றது. நடுவில் தடித்து, கரையோரங்களில் மெலிந்த வில்லை. எமது கிணறுகள் அந்த வில்லையைத்தான் எட்டிப் பிடிக்கின்றன.

இதன் கணக்கை நெதர்லாந்தைச் சேர்ந்த பாடன் கைபென் 1888ஆம் ஆண்டளவிலும், ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் 1901இலும் தனித்தனியே கண்டறிந்தனர். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்திருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பதே அது. கேட்பதற்கு மகிழ்ச்சியான கணக்கு. ஆனால் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கிணற்றிலிருந்து அளவுக்கு மீறி இறைத்து நீர்மட்டத்தை 1 அடி தாழ்த்திவிட்டால், கீழேயுள்ள உப்பு நீர், காலப்போக்கில், 40 அடி மேலேறி வரும். தீவுகளின் நிலத்தடி நீர்ப்படைகள் தடிப்பிற் குறைந்தவை. ஆகவே, ஒரு கிணறு உவர்ப்பதற்கு ஊர் முழுவதும் மோட்டார் போட வேண்டியதில்லை. அந்த ஒரு கிணற்றிலேயே ஆத்திரப்பட்டு இறைத்தாற் போதும். ஒருமுறை உவர்த்த கிணறு மீண்டும் நன்னீராவதற்குப் பல மாரிகள் வேண்டும். வாளியால் அள்ளிய காலத்தில் இந்த ஆபத்துக் குறைவாக இருந்ததற்குக் காரணம் முன்னோரின் விஞ்ஞானமன்று. அவர்களின் கை களைத்துப் போனமையே.

மணலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலணைத் தீவின் சாட்டி, மண்கும்பான், அல்லைப்பிட்டிப் பகுதிகளில் நல்ல நீர் கிடைப்பது அங்குள்ள மணற் திட்டிகளாலேயே. மழையை உறிஞ்சி வைத்திருக்கும் பாத்திரம் அந்த மணல். கட்டட வேலைக்காக அதை அள்ளிச் சென்றதன் விளைவை அப்பகுதி மக்கள் நன்கு அறிவர். ஆதலால் இங்கு நாம் சொல்லப்போகும் அமைப்புக்கு வெளியிலிருந்து ஒரு கூடை மணலும் வேண்டியதில்லை.

இனி, விடயத்துக்கு வருவோம். தீவகத்தில் பிள்ளைகளின் நீர் விளையாட்டு மேலதிகமான ஒரு செலவாக இருத்தல் ஆகாது. கிணற்றிலிருந்து தென்னைக்கு எப்படியும் போகவிருக்கும் நீர், வழியில் சிறிது நேரம் பிள்ளைகளிடம் தங்கிப் போக வேண்டும். அவ்வளவே. பிள்ளை மாலையில் குளிக்கப்போகும் நீரும் தென்னைக்கு ஊற்றப்போகும் நீரும் ஒன்றாகி, அதுவே விளையாட்டு நீரும் ஆகின்றது. ஓடும் ஆற்றங்கரையில் நின்று வுழூச் செய்தாலும் நீரை வீண்விரயம் செய்யலாகாது என்ற போதனையைக் கேட்டு வளரும் முஸ்லிம் பிள்ளைக்கும், கால் கழுவிய நீரையும் வாழையடியில் ஊற்றும் பாட்டியைக் கண்டு வளரும் இந்து, கிறிஸ்தவப் பிள்ளைக்கும் இது புதிய பாடமன்று.

முதலில் இடம். கிணற்றுக்கு அருகில் வேண்டாம்; குறைந்தது 30 அடி தள்ளி, அடுக்களை வாசலிலிருந்து தெளிவாகத் தெரியும் இடமாக இருக்கட்டும். நண்பகல் தாண்டிய பின் வேம்பின் அல்லது பூவரசின் நிழல் விழும் பக்கம் நல்லது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் தீவுகளில் நீர் துளித்துளியாகப் பறந்து போகும். அதனால் தென்மேற்குப் பக்கத்தில் கிடுகு வேலியோ மதிலோ இருந்தால் பெரிதும் உதவும். எல்லாவற்றுக்கும் மேலாக, அருகில் ஒரு தென்னையோ வாழைக் கூட்டமோ இருக்க வேண்டும். நீர் கடைசியிற் சென்று சேர வேண்டிய இடம் அதுதான். உவர் கிணற்று நீரையே பயன்படுத்துவதானால் தென்னையைத் தெரிவு செய்க. ஓரளவு உவரைத் தென்னை தாங்கும். வாழைக்கும் தேசிக்கும் மிளகாய்க்கும் அந்தப் பொறுமை கிடையாது.

கீழ்த் தடாகத்தை அமைப்பது ஒரு மணி நேர வேலை. 3 அடி விட்டத்தில் வட்டமாகக் கோடு கீறி, 4 அங்குல ஆழத்துக்கு மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். எடுத்த மண்ணையே சுற்றிவரக் கரையாக வைத்து அடித்து இறுக்கி, கரையின் மேல் பனங்குற்றிகளை அல்லது பழைய சாக்குகளில் மண் நிரப்பி அடுக்கலாம். முருகைக்கல்லை மாத்திரம் வைக்க வேண்டாம். நெடுந்தீவின் வேலிகளுக்கு அது அழகு; பிள்ளையின் பாதத்துக்கு அது கத்தி. குழியில் உள்ள கல், வேர், சிப்பி ஓடு யாவற்றையும் பொறுக்கிவிட்டு, மேலே ஓட்டையில்லாத தறப்பாள் ஒன்றை விரித்தால் தடாகம் தயார். இடம்பெயர்ந்த காலங்களில் கூரையாக இருந்த தறப்பாள் இன்னும் சில வீடுகளில் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றது. அது இப்படி ஒரு வேலைக்கு உதவுமாயின் நாம் மகிழ்வோம். தென்னை இருக்கும் பக்கத்துக் கரையைச் சற்றுத் தாழ்த்தி, அங்கிருந்து தென்னம்பாத்தி வரை கையகல வாய்க்கால் ஒன்றை வெட்டிவிட வேண்டும். விளையாட்டு முடிந்ததும் தறப்பாளின் மறுமுனையைத் தூக்கினால் நீர் முழுவதும் தானாக அவ்வழியே ஓடிவிடும்.

இந்தத் தடாகத்தை விளிம்பு வரை நிரப்பினாலும் அது கொள்வது 67 லீற்றர் மாத்திரமே. மூன்று கான்களும் ஒரு சிறு வாளியும். வெயிலும் காற்றும் கூடிய நாளில் ஐந்து, ஆறு மில்லிமீற்றர் நீர் ஆவியாகும் என்று கொண்டாலும், இப்பரப்பில் இழப்பது 4 லீற்றருக்கு மேற்படாது. எஞ்சியதில் பிள்ளைகள் வாரி இறைத்து மண்ணில் சிந்துவது போக மீதி தென்னைக்கு.

தடாகம் மட்டும் இருந்தால் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் சலித்துவிடுவர். நீர் ஓட வேண்டும். பிள்ளையை வசப்படுத்துவது ஓட்டமே. இதற்கு வேண்டியது ஒரு பீலி. பாறிய பனையின் பிளந்த துண்டைக் கோதி எடுத்தாற் கிடைக்கும் பழைய முறைப் பீலி மிகச் சிறந்தது. அது கிடைக்காவிடில் 4 அங்குலப் பிளாஸ்டிக் குழாயை நீளவாட்டில் இரண்டாக அறுத்து, வெட்டு விளிம்புகளை உரைதாள் கொண்டு தேய்த்து மழுக்கிப் பயன்படுத்தலாம். 6 அடி நீளப் பீலியின் தலைப்பக்கம் இரண்டரை அடி உயரத்திலும், வாய்ப்பக்கம் தடாகத்துக்கு மேலே ஒன்றரை அடி உயரத்திலும் இருக்குமாறு கவைக்கம்புகளில் தாங்கிக் கட்ட வேண்டும். வாயிலிருந்து நீர் விழும் இடத்தில் ஒரு சில்லு. பழைய பிளாஸ்டிக் மூடியொன்றை வட்டமாக வெட்டி, அதன் விளிம்பில் எட்டு யோகட் கோப்பைகளை ஒரே திசை நோக்கிப் பொருத்தி, நடுவே சைக்கிள் கம்பியைச் செருகி இரு கவைகளில் தாங்க வைத்தால் அது சுழலும். கோப்பை நிரம்புவதும், பாரத்தால் கீழிறங்குவதும், கவிழ்ந்து வெறுமையாவதும் பிள்ளையின் கண்முன்னே நடக்கும். நீர்மின் நிலையத்தைப் பற்றி ஆறாம் வகுப்பில் படிக்கும்போது அந்தப் பிள்ளைக்கு எவரும் விளக்கம் சொல்ல வேண்டி வராது.

பீலியின் தலைக்கு நீரை ஏற்றுவது யார்? நகரத்து வீடுகளில் சிறு மின்பம்பி ஒன்றை நீருக்குள் அமிழ்த்தி விடுகின்றனர். ஈரக் கையும் மின்கம்பியும் பிள்ளைகளும் ஓரிடத்தில் சேர்வதை நாம் விரும்பவில்லை. அத்துடன், எமது மண்ணிலேயே அதைவிடச் சிறந்த இயந்திரம் ஒன்று உண்டு. அதுதான் துலா.

துலாவின் உறுப்புகளைச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்து வருகின்றனர். நிமிர்ந்து நிற்கும் தாங்கிகள் ஆடுகால்; அவற்றுக்குக் குறுக்கே செல்வது அச்சுலக்கை; அதில் ஆடும் நீண்ட மரம் துலா; அதன் நுனியிலிருந்து தொங்குவது துலாக்கொடி; கொடியின் முனையில் பனையோலைப் பட்டை அல்லது வாளி. தோட்டக் கிணறுகளில் ஆட்கள் துலாவின் மேலே ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே ஒருவர் நின்று பட்டையைக் கவிழ்ப்பார். இதே கருவி எகிப்திலும் அரபு நாடுகளிலும் ‘ஷாதூஃப்’ என்ற பெயரில் நைல் கரைத் தோட்டங்களுக்கு நீர் பாய்ச்சியது. மெசொப்பொத்தேமியாவின் பண்டைய முத்திரைகளிலும் எகிப்தியக் கல்லறை ஓவியங்களிலும் அதன் உருவத்தைக் காணலாம்.

முற்றத்துக்கான சிறு துலாவுக்கு, கவையுள்ள பூவரசு அல்லது கிளுவைக் கம்புகள் இரண்டை மூன்றரை அடி உயரம் வெளியே தெரியுமாறு ஒரு முழ ஆழத்துக்குப் புதைக்க வேண்டும். அவற்றின் கவையில் குறுக்குத் தடியொன்று. 6 அடி நீளமுள்ள நேரான, இலேசான தடியைத் துலாவாக்கி, நுனிப்பக்கம் 4 அடியும் அடிப்பக்கம் 2 அடியுமாகப் பிரித்துக் குறுக்குத் தடியில் பொருத்த வேண்டும். நுனியில் ஒன்றரை அடிக் கயிறு. அதில் கழுத்து வெட்டிய ஒன்றரை லீற்றர்ப் போத்தல். அடிப்பக்கத்தில் பாரம்.

இந்தப் பாரத்தில்தான் துலாவின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. போத்தலில் 1 லீற்றர் நீர், அதாவது 1 கிலோ, ஏறும் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதியான அரைக் கிலோ முன்னே தொங்கும்போது துலா சமநிலையில் நிற்கும்படி பின்பாரத்தை அமைக்க வேண்டும். முன்கை 4 அடி, பின்கை 2 அடி என்பதால் பின்னே அதன் இரட்டிப்பு, 1 கிலோ வேண்டும். தடியின் சொந்தப் பாரத்துக்கும் போத்தலுக்கும் ஈடாகச் சிறிது கூட்டியும் குறைத்தும் பார்த்தாற் சரியாகிவிடும். இப்பொழுது வெறும் போத்தலைக் கீழே இழுக்க அரைக் கிலோ விசை. நிரம்பிய போத்தலை மேலே ஏற்றவும் அரைக் கிலோ விசை. ஒரு கிலோவின் சுமை இரண்டு பாதிகளாகி, போகும்போது ஒன்றும் வரும்போது மற்றொன்றுமாகப் பகிரப்பட்டுவிடுகின்றது. ஐந்து வயதுப் பிள்ளையாலும் களைக்காமல் இறைக்க முடிவது இதனால்தான். பின்பாரத்துக்குக் கல்லைக் கட்ட வேண்டாம். துணிப்பையில் மண்ணை நிரப்பிக் கட்டுவது நன்று. துலாவின் பின்முனை ஆடும் உயரம் சரியாகச் சிறுபிள்ளையின் முகத்து உயரம் என்பதால், அது வேலிப் பக்கமாக, எவரும் போய் நிற்க முடியாதவாறு அமைய வேண்டும். இதில் கவனக்குறைவு கூடாது.

தடாகத்திலிருந்து துலா, துலாவிலிருந்து பீலி, பீலியிலிருந்து சில்லு, சில்லிலிருந்து மீண்டும் தடாகம். ஒரே 67 லீற்றர் நீர் மாலை முழுவதும் சுற்றி வருகின்றது. இறைப்பதற்கு ஒருவர், பீலித் தலையில் கவிழ்ப்பதற்கு ஒருவர், சில்லைப் பார்ப்பதற்கு ஒருவர் என மூவர் சேராமல் இது இயங்காது. ஒற்றைப் பிள்ளை உள்ள வீடாயின் அயல்வீட்டுப் பிள்ளைகளை அழைத்தே ஆக வேண்டும். இதுவும் நாம் விரும்பிய விளைவே.

சற்றுப் பெரிய பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு நீரூற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். 10 லீற்றர் வாளியின் அடியில் துளையிட்டு மெல்லிய குழாயொன்றைப் பொருத்தி, வாளியை மரக்கிளையில் 4 அடி உயரத்தில் உறுதியாகக் கட்டி, குழாயின் மறுமுனையை நிலத்துக்குக் கொண்டுவந்து, அதில் பழைய பேனையின் வெற்றுக் கூட்டைச் செருகி மேல்நோக்கி நிறுத்தினால் நீர் பீறிட்டெழும். வாய் 3 மில்லிமீற்றர் அளவுடையதாயின் ஒரு வாளி ஏழெட்டு நிமிடங்களுக்கு வரும். நீர் எவ்வளவு பாய்ந்தாலும் வாளியிலுள்ள நீர்மட்டத்தைத் தாண்டி மேலே எழாது என்பதைப் பிள்ளைகளே வாளியை ஏற்றியும் இறக்கியும் கண்டுபிடிக்கட்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் மூவர் இத்தகைய உயர வேறுபாட்டைப் பயன்படுத்தி, தோற்றம் மாறி மாறிப் பாயும் நீரூற்றுகளைத் தமது நூலில் வரைந்து விளக்கினர். 1206ஆம் ஆண்டில் அல் ஜஸரி எழுதி முடித்த பொறிகள் பற்றிய நூலில் வுழூவுக்கு நீர் வார்க்கும் பொறிகளும் நீரை உயர்த்தும் இயந்திரங்களும் உண்டு. மின்சாரம் இல்லாத காலத்தில் நீரின் பாரத்தை மட்டும் கொண்டு அவர்கள் அரண்மனைகளை வியக்க வைத்தனர். பேனைக் கூட்டிலிருந்து எழும் ஊற்றும் அந்த வம்சத்தைச் சேர்ந்ததே.

எந்த நீரைப் பயன்படுத்துவது என்பதில் ஒரு எச்சரிக்கை. பவுசர் நீரையோ விலைக்கு வாங்கிய நீரையோ தொட வேண்டாம். மருதங்கேணி தாளையடியில் 2024 ஓகஸ்டில் திறந்து வைக்கப்பட்ட நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல் நீரை நன்னீராக்கும் வல்லமையுடன் அமைக்கப்பட்டது. கடல் நீரை அவ்வாறு மாற்றுவதற்கு மின்சாரமும் பணமும் வேண்டும் என்பதால் அத்தகைய நீர் குடிப்பதற்கே உரியது. விளையாட்டுக்கு வீட்டுக் கிணற்று நீர் போதும். சற்று உவர்த்தாலும் பாதகமில்லை. ஆனால், பிள்ளைகள் விளையாடும்போது அதில் சிறிதளவை விழுங்கியே தீருவர். சுண்ணாம்புக் கல் நிலத்தில் மலசலகூடக் குழியின் கழிவு வெடிப்புகளூடாக விரைவில் கிணற்றை அடையும் என்பதால், வாய் கொப்பளிக்கத் தயங்கும் நீரில் பிள்ளையை விளையாட விடலாகாது. கிணற்றுக்குக் குளோரின் இடுவது பற்றிப் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை பெறலாம். விளையாடும் நீரில் சவர்க்காரம் கலக்கக் கூடாது. விளையாட்டு முடிந்து தடாகம் வெறுமையான பின், ஒரு சிறு வாளி நல்ல நீரில் சவர்க்காரமிட்டுக் கழுவிக்கொண்டால் குளிப்பும் முடிந்துவிடும்.

இனி, மிக முக்கியமான விடயம். 4 அங்குல நீரும் ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதுமானது. 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. அவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் ஐந்து வயதை எட்டாத குழந்தை. குழந்தை மூழ்கும்போது கூச்சல் எழுவதில்லை. அமைதியாகவே எல்லாம் முடிந்துவிடும். எனவே, தடாகத்தில் நீர் இருக்கும் வரை கண்ணெடுக்காமல் பார்த்திருக்கப் பெரியவர் ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும். அக்காவையோ அண்ணாவையோ அதற்கு நியமிப்பது போதாது. அடுப்பில் பால் பொங்கினாலும், தொலைபேசி ஒலித்தாலும், முதலில் தறப்பாளைத் தூக்கி நீரை வெளியேற்றிவிட்டே நகர வேண்டும். அதற்கு அரை நிமிடம்கூடச் செல்லாது. தூக்கினால் வற்றும் தடாகத்தை நாம் பரிந்துரைப்பதற்கான முதற் காரணம் இதுவே.

நீரில் விளையாடப் பழகிய பிள்ளை நீரைத் தேடிப் போகும் என்பதையும் மறத்தலாகாது. தீவகத்தில் அந்தத் தேடல் முடியும் இடம் பெரும்பாலும் கிணறு. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அக்காலத்து யுத்தத்தில் தீவகத் தமிழர்களும் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். திரும்பி வந்தவர்கள் சிலர், வராதவர்கள் பலர். ஆளில்லாத வளவுகளில் பற்றை மூடிக் கிடக்கும் கட்டில்லாத கிணறுகள் இன்றும் உள்ளன. முற்றத்தில் துலா நடும் முன்னர், தனது வளவின் கிணற்றுக்கும் அடுத்த வளவின் கிணற்றுக்கும் மூடியோ வேலியோ உண்டா என்று பார்ப்பது பெற்றோரின் கடமை. உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் அனுமதி பெற்று, நான்கு கம்பும் முட்கம்பியும் கொண்டு அடைத்துவிடலாம். கைவிடப்பட்ட கிணறுகளை மூடும் பொறுப்பைப் பிரதேச சபைகள் ஒரு திட்டமாகவே கையிலெடுக்க வேண்டும் என்பது எமது நிலைப்பாடு.

அடுத்தது நுளம்பு. இலங்கையில் 2017ஆம் ஆண்டில் மட்டும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்குவால் பாதிக்கப்பட்டனர். வளவில் நுளம்பு பெருகும் வகையில் நீர் தேங்க விடுவது 2007ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ்க் குற்றமுமாகும். உவர்நீரில் டெங்கு நுளம்பு முட்டையிடாது என்று பலர் நம்புகின்றனர். அது பிழையான நம்பிக்கை. யாழ்ப்பாண, மட்டக்களப்பு மாவட்டங்களின் கரையோரங்களில் மேற்கொள்ளப்பட்டு 2011இல் வெளியான ஆய்வொன்று, டெங்குவைப் பரப்பும் இருவகை ஈடிஸ் நுளம்புகளின் குடம்பிகளும் உவர்நீர் தேங்கிய பாத்திரங்களிலும் கைவிடப்பட்ட கிணறுகளிலும் வளர்வதைக் கண்டறிந்தது. முட்டை நுளம்பாக மாறுவதற்கு ஒரு வாரமளவு போதும். ஆகவே தடாகத்தை அன்றாடம் வெறுமையாக்குவதுடன், தறப்பாளின் மடிப்பு, சில்லின் கோப்பை, போத்தல், வாளி யாவற்றையும் கவிழ்த்து வைக்க வேண்டும். அடிக்கடி மறக்கப்படுவது சில்லின் கோப்பைகள்தான். அவற்றின் அடியில் ஊசித்துளை ஒன்று இட்டுவிட்டால், சில்லு சுழல்வதும் தடைப்படாது, நீரும் தேங்காது.

முன்பள்ளிகளிலும் இதனை அமைக்கலாம். ஒரு வீட்டுக்கு மூன்று கான் நீர் என்பது போலவே, பதினைந்து பிள்ளைகளுக்கும் அதே மூன்று கான் நீர்தான். பிள்ளைகளை மூவர் மூவராக விடும் பொறுமை மாத்திரமே ஆசிரியைக்கு வேண்டும். நயினாதீவிலும் மண்கும்பானிலும் கோவிலும் பள்ளிவாசலும் அருகருகே உள்ள ஊர்களில், தச்சு வேலை தெரிந்த முதியவர் ஒருவரை அழைத்து, ஆடுகால் நடுவதையும் துலாவைச் சமநிலைப்படுத்துவதையும் பிள்ளைகளின் முன்னிலையிலேயே செய்விக்கலாம். அந்தப் பெயர்களையாவது அவர்கள் ஒருமுறை கேட்கட்டும்.

ஒக்டோபரில் வானம் கறுக்கத் தொடங்கியதும் இந்த அமைப்பைக் கழற்றி வைக்க வேண்டும். தறப்பாளைக் கழுவி, வெயில் வந்த நாளொன்றில் உலர்த்தி மடிக்கலாம். துலாவைத் தாழ்வாரத்தில் சாத்தலாம். பீலியை மட்டும் உள்ளே எடுத்து வைக்க வேண்டியதில்லை. அதைக் கூரையின் இறவாணத்தின் கீழே கட்டிவிட்டால் மழைநீரைத் தாங்கிக்கு அல்லது கிணற்றருகே வெட்டிய குழிக்குக் கொண்டு செல்லும். முதல் மழையில் கூரைத் தூசும் பறவை எச்சமும் கழுவுண்டு போகும் வரை விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து சேர்க்கலாம். 50 சதுர மீற்றர்க் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால், வழியில் இழப்பது போக 400 லீற்றர் கிடைக்கும். அது, விளையாட்டுத் தடாகத்தை ஆறு தடவை நிரப்பப் போதுமான நீர்.